துடுப்பை ஆட்டிய காலை

விழாத் தலைமை ஏற்றிருக்கும் ஆய்வு நிலைய இயக்குநர் அவர்களே, கடலைக் கண்ணிமைக்காமல் காக்கும் ஆய்வாளர்களே, படகுத்துறைப் பெரியவர்களே, பிள்ளைகளை மடியில் வைத்துப் பொறுமை காக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

முப்பத்தொரு ஆண்டுகள் செய்தி எழுதியவன் நான். இன்று ஒரு திருத்தம் சொல்ல வந்திருக்கிறேன்.

போன ஆண்டு இதே மாதம், ஒரு காலையில், ஐந்து கயாக் படகுகள் இந்தத் துறையிலிருந்து கிளம்பின. ஒரு படகின் முன்னிருக்கையில் நான். பின்னிருக்கையில், நீங்களெல்லாம் கணக்கக்கா என்று கூப்பிடும் ஆய்வாளர். பாறைத் திட்டில் குட்டி ஈன்ற கடல்நாய்களை ஆண்டுக்கு ஒருமுறை எண்ணும் நாள் அது. எஞ்சின் சத்தம் கேட்டால் அவை ஓடிவிடும், அதனால்தான் துடுப்பு.

என்ன கண்டேன்? சிறகு விரித்து வெயில் காயும் நீர்க்காகங்களைக் கண்டேன். படகுக்கடியில் பாசி பட்டுப்போல் அசையக் கண்டேன். தாயின் வயிற்றோடு ஒட்டிக்கிடந்த ஒரு வெள்ளைக் குட்டியைக் கண்டேன். கண்டவன் சும்மா இருந்தேனா? மற்றவர்களும் பார்க்கட்டும் என்று துடுப்பைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டினேன்.

சிரிக்கிறீர்கள். இந்த ஊர்ப் படகுக்காரர்களுக்குத் தெரியும்: அது 'ஆபத்து, உடனே வா' என்ற சைகை. நான்கு படகுகளும் பாய்ந்து வந்தன. திட்டே திடுக்கிட்டது. கடல்நாய்கள் எல்லாம் நீருக்குள். பாறையில் அந்தக் குட்டி மட்டும்.

"யாருக்கு என்ன ஆச்சு?" என்று மூச்சிரைக்கக் கேட்டார் முதலில் வந்தவர்.

"ஒண்ணும் ஆகலண்ணே. குட்டியைக் காட்டலாம்னு..."

"நல்லாக் காட்டுனீங்க சார். பாறையே காலி."

கணக்கக்கா ஏசவில்லை. "எல்லாரும் தள்ளிப் போய் நில்லுங்க. பேசாதீங்க. அம்மா வந்துடுவா. வரலைன்னா..."

காத்திருந்தோம். குட்டி கத்தியது, காத்திருந்தோம். என் கால் மரத்தது, காத்திருந்தோம். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு வழவழத்த தலை நீரைப் பிளந்து எழுந்தது. பாறையேறி, குட்டியை முகர்ந்தது. என் முதுகுக்குப் பின்னால், "அப்பாடா, வந்துட்டா" என்றது கணக்கக்காவின் குரல்.

பிற்பகல், தொட்டி மோட்டார்கள் முனகும் ஆய்வகத்தில் அவர் பதிவேட்டில் எழுதியதை எட்டிப் பார்த்தேன். 'கணக்கெடுப்பு செல்லாது. காரணம்: வந்தவருக்கு நான் சைகை சொல்லித்தரவில்லை.' விருந்தாளிமேல் பழி எழுதுவது இங்கே வழக்கமில்லையாம்.

நான் வாய் திறந்தேனா? இல்லை. ஊருக்குப் போய் அழகான கட்டுரை எழுதினேன். அந்த ஒரு வரியால் இந்த ஆண்டுக் கணக்கெடுப்புக்குத் தலைமையை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள் என்று போன வாரம்தான் கேள்விப்பட்டேன்.

இதோ என் அன்றைய குறிப்பேடு. 'காலை ஏழு இருபது. துடுப்பை ஆட்டினால் ஆபத்து என்று பொருள், கணக்கக்கா சொன்னது.' என் கையெழுத்து. செய்திக்காரன் புத்தி பாருங்கள்: நேரம் உட்பட எழுதிக்கொண்டேன், காதில் வாங்கவில்லை.

பின்வரிசையிலிருந்து கணக்கக்கா, "போதும் சார், உக்காருங்க" என்கிறார். இன்னும் ஒரு நிமிடம், அக்கா.

திரும்பி வந்த தாய்க்கு நன்றி. சத்தமின்றிக் காத்திருந்த நான்கு படகுகளுக்கு நன்றி. என் பிழையைத் தன் பெயரில் எழுதிக்கொண்ட கைக்கு, ஆயுள் முழுக்க நன்றி. இயக்குநர் அவர்களே, குறிப்பேட்டை உங்கள் மேசையில் வைக்கிறேன். பக்கத்தில், நான் கேட்டு எடுத்துவரச் சொன்ன அந்தப் பதிவேடும் இருக்கிறது.

அந்த வரியைத் திருத்த இயக்குநர் பேனாவைத் திறக்கிறார், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். நான் இறங்குகிறேன். வணக்கம்.