கழட்டிய எஞ்சின்

சனத்நகரில் நான் ஏறிய பஸ்ஸில், என் முன் சீட்டில் இரண்டு பெண்கள் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்கள். ரொம்ப நாள் கழித்துச் சந்தித்தவர்கள் போலிருந்தது. வயதான அம்மாள் சொன்னார்: "நல்லா ஓடிட்டிருந்த எஞ்சினைக் கழட்டிப் போடுங்கன்னேன். மெக்கானிக் என்னை ஒரு மாதிரி பாத்தாரு."

கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கிய இளையவள் கேட்டாள்: "எந்த எஞ்சின் ஆன்ட்டி?"

"அங்கிளோட புல் வெட்டுற மெஷின்மா. ஆபீஸ் ஏலத்துல எடுத்த பழசு. அதைப் பிரிச்சுப் போட்டிருந்தப்பதான் அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போயிடுச்சு. தினமும் ஒரு பார்ட்டைக் கட்டில்கிட்ட கொண்டுபோய், 'இது இங்கயா'ன்னு காட்டுவேன். தலையாட்டுவாரு. நானே மாட்டுவேன். எட்டு மாசம் ஆச்சு."

"ஸ்டார்ட் ஆச்சா?"

"மெக்கானிக் வந்து கயிறை இழுத்ததும் ஓடிடுச்சு. நான் கைதட்டினேன். அங்கிள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துட்டாரு. தலையாட்ட இனிமே ஒண்ணும் இல்லியே அவருக்கு. அதான் மறுபடி கழட்டச் சொன்னேன். 'எதுக்கு அம்மா, நல்லா ஓடுதே'ன்னாரு. நான் காரணம் சொல்லல."

"அங்கிளுக்குச் சந்தோஷமா?"

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது.

"நேத்து பிஸ்டனைக் கையில கொடுத்தேன். அது என்னன்னே அவருக்குத் தெரியல."

"அய்யோ. நீங்க என்ன பண்ணீங்க?"

"'பிஸ்டன்'னு நான் சொன்னேன். அவரு தலையாட்டினாரு."