ஒம்பதரை வள்ளம்

இந்த ரோடு போடாத காலமுங்க. ஆத்துக்குப் பாலம் கட்டாத காலம். அமராவதிக் கரையில புங்கந்துறைன்னு ஒரு ஊரு, அந்த ஊர்ல செவ்வாக்கெழமச் சந்தை. அந்தச் சந்தைக்கு ஒருத்தி வருவாளாமா. பேரு பாவாயி.

புருசன் அம்மை கண்டு போய்ச் சேந்துட்டான். புள்ளகுட்டி இல்ல. கூடப்பொறந்தவன் ஒருத்தன் இருந்தான், சடையன்னு. ஆத்தா அப்பன் போனப்பறம் அவதான் களத்துமேட்டுக் கூலிக்குப் போயி அவன வளத்தா, கண்ணாலம் பண்ணி வெச்சா. அவனும் தனிக்குடித்தனம் போயிட்டான். இவ ஒண்டி.

அப்பெல்லாம் சந்தையில அளக்கறதுலதான் சண்டையாமா. தானியம் அளக்கற ஏனத்துக்கு வள்ளம்னு பேரு, நாலு படி புடிக்கும். விக்கறவன் கொண்டார வள்ளம் சிறுசா இருக்கும். வாங்கறவன் கொண்டார வள்ளம் பெருசா இருக்கும். "என்றதுல அள." "அதெல்லாம் முடியாது, என்றதுல அள." இப்பிடியே பேச்சு முத்தி, ஒரு நா ஒருத்தன் மண்டை ஒடஞ்சு போச்சு.

அப்பத்தான் பாவாயி கூட்டத்த வெலக்கிட்டு உள்ள வந்தாளாமா. இடுப்புல ஒரு வள்ளம்.

"இது விக்கறவனுதும் இல்ல, வாங்கறவனுதும் இல்ல. என்னுது. நானே அளக்கறன். கீழ சிந்தறது எனக்குக் கூலி."

"பொம்பள அளந்து நாங்க வாங்கறதா?"

"அப்பச் சண்டை போடுங்க. பொழுது எறங்கட்டும்."

பொழுது எறங்கிட்டுத்தான் இருந்துச்சு. செரி அளன்னு உட்டாங்க. அளந்தா, மேல குமிஞ்சத வழிச்சுத் தலைதட்டுனா, எண்ணிச் சொன்னா. ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டாங்க. அன்னிக்கு அவளுக்குக் கெடச்சது ரெண்டு கை சோளமாமா.

அடுத்த சந்தைக்கு நாலு பேரு கூப்புட்டாங்க. அதுக்கடுத்த சந்தைக்குப் பத்துப் பேரு. ஆனாக் கூடவே ஒரு பேச்சும் கெளம்புச்சு. "அவ கை வேணும்னே சிந்துதப்பா." பாவாயி காதுலயும் உழுந்துச்சு. வேற ஒருத்தியா இருந்தா மல்லுக்கு நிப்பா. இவ அன்னிக்குப் பூரா தன் கையவே பாத்தாளாமா. மறு வாரம் வந்து சொல்றா, "அவங்க சொல்றது நெசந்தான். சிந்தறது எனக்குன்னா கை தன்னால சிந்துது. இனி அப்பிடி வேண்டாம். பத்து வள்ளத்துக்கு விக்கறவரு ஒரு கை, வாங்கறவரு ஒரு கை குடுத்தாப் போதும். சிந்தறது தானியக்காரருக்கே." சொல்லிப்போட்டு ஒரு சாக்க விரிச்சு, அதுமேல வெச்சு அளந்தா.

அப்பறம் தெரிஞ்சவங்க வந்தாங்க. "நம்ம பாவாயிதான, எனக்கு மட்டும் சும்மா அளந்து உடு." அவ மாட்டன்னுட்டா. "உங்ககிட்ட வாங்கலீன்னா நா உங்க ஆளாயிருவங்க. அப்பறம் எஞ்சொல்லு செல்லாது." அவங்களுக்குக் கோவம். "கொஞ்சம் வந்ததும் கொழுப்பப் பாரு"ன்னு போனாங்க. போனவங்க திரும்பி வந்தாங்க. ஆனா பழைய மாதிரிப் பேசல.

ஒருக்கா வெயில் வேளையில ஒரு யாவாரி பொண்டாட்டி மோர் குடுத்தா. வாங்கிக் குடிச்சா. அவ்வளவுதானுங்க. அந்த மத்தியானம் அந்த யாவாரிக்கு அளக்கறப்ப எதிர்ல நின்ன குடியானவன் முணுமுணுத்தானாமா, "மோர் குடிச்ச கை." அன்னியோட யாருகிட்டயும் பச்சத்தண்ணி வாங்க மாட்டா. கண்ணாலம் காச்சின்னா போவா, மொய் வெப்பா, சாப்புடாம வந்துருவா. சந்தை பூராத் தெரிஞ்ச மொகம். ஒருத்தருகூட உக்காந்து வெத்தல போட முடியாது. ஆத்துப்பக்கம் மறைவாப் போயி, கொண்டாந்த கம்மஞ்சோத்தத் தனியாத் தின்னுட்டு வருவாளாமா. வருவா, அளப்பா, சொல்லுவா, போவா.

இப்பிடி எத்தன வருசம்னு தெரியல. ரெண்டு வருசம் மழை பொய்ச்சு, மூணாம் வருசம் சோன்னு பேஞ்சுது. எல்லாரும் ஏரப் பூட்டறாங்க. சடையங்கிட்ட ஒத்த எருது. இன்னொண்ணு பஞ்சத்துல செத்துப்போச்சு. சந்தைக்கு ஒருத்தர் எருது ஓட்டிட்டு வந்திருந்தாரு. "பத்து வள்ளம் சோளம் குடு, புடிச்சுட்டுப் போ"ன்னாரு. சடையன் ஊட்டுல இருந்ததெல்லாம் தொடச்சுக் கட்டிக்கிட்டு வந்துட்டான். வரும்போதே அவனுக்குத் தெரியும், பத்து வராது.

பாவாயி சாக்கு விரிக்கறா. அவன் குனிஞ்சு மூட்டைய அவுக்கற மாதிரி மெல்லச் சொல்றான்: "அக்கா, ஒரு அர வள்ளம் கொறையும். கட்டவெரல உள்ளவெச்சுப் புடிச்சு அள, பத்துக் கணக்கு வந்துரும். ஈரம் காஞ்சாப் பூமி போச்சு. உம்மவனாட்ட வளத்தியே, எனக்குப் பண்ணமாட்டியா?"

பாவாயி வள்ளத்த எடுத்தா. அளந்தா. கட்டவெரல் வெளியதான் இருந்துச்சாமா. தலைதட்டுனா. கடைசி வள்ளம் பாதியில நின்னுபோச்சு.

"ஒம்பதரை"ன்னா.

எருதுக்காரரு, "பத்துன்னுதான பேச்சு"ன்னு கயித்தப் புடிச்சாரு. பக்கத்துல ஒருத்தன் பத்து வள்ளத்தோட காத்துட்டு நின்னான். எருது அவங்கூடப் போயிருச்சு.

பாவாயி அப்பிடியே வள்ளத்தப் போட்டுப்போட்டு, தன் கூலி மூட்டையத் தூக்கிட்டு ஓடுனாளாமா. சந்தை எல்லை தாண்டி மூச்சு வாங்க, "சடையா, நில்லு. இதுல ஒரு வள்ளத்துக்கு மேல இருக்குது. இது என்றது. சந்தைக்குள்ள குடுக்கக்கூடாது, இங்க அக்காளாக் குடுக்கறன், வாங்கிக்க. வேற எருது பாக்கலாம்."

அவன் நின்னான். "என் மூஞ்சியப் பாத்துட்டே ஒம்பதரைன்னு சொன்னயே. அந்த வாயால அக்கான்னு சொல்லாத."

போயிட்டான். திரும்பிப் பாக்கல. மூட்டை தடத்துல கெடக்குது, இவ மூட்டைக்குப் பக்கத்துல உக்காந்துட்டா. அன்னிக்கு அழுதாளான்னு கேட்டா எனக்குத் தெரியாதுங்க. எழுந்திரிச்சு வந்து மிச்சமிருந்தவங்களுக்கு அளந்தாங்கறது மட்டும் எங்கூட்டுல சொல்லிக்கிட்டு வந்திருக்காங்க.

அந்த வருசம் சடையன் ஒரு பக்கம் எருதையும் மறுபக்கம் தன் தோளையும் குடுத்து உழுதானாமா. பாதி வெள்ளாமதான் கண்டான். அதையும் புங்கந்துறைக்குக் கொண்டுபோகல. கெழக்க ரெண்டு காத தூரம், வேற சந்தைக்குக் கொண்டுபோனான். அங்க அறியாத யாவாரி. அளக்கறதுக்குச் சடையன் தன் வள்ளத்த எடுத்தான். அந்த யாவாரி ஊரு பேரு விசாரிச்சாரு.

"புங்கந்துறையா? தம்பிக்கே ஒம்பதரைன்னு சொன்னாளாமே ஒருத்தி, அவள உனக்குத் தெரியுமா?"

சடையன் வள்ளத்தக் கீழ வெச்சான். "அந்தத் தம்பி நாந்தாங்க"ன்னான்.

யாவாரி அவன ஏற எறங்கப் பாத்தாரு. "அப்ப அளக்க வேண்டாம். எத்தனன்னு சொல்லு, கொட்டிட்டுப் போ."

அன்னிக்கு ஊட்டுக்கு வந்து பொண்டாட்டிகிட்டச் சொன்னானாமா, "அக்காளப் போயிப் பாக்கோணும்." பாக்கோணும் பாக்கோணும்னு ஒரு வருசம் போச்சு. வெக்கமுங்க. ரெண்டு வருசம் போச்சு. நாலு வருசம் போயிருச்சு.

ஒரு செவ்வாக்கெழம பாவாயி சந்தைக்கு வரலையாமா. ஊட்டுல போயிப் பாத்தா, பாயில படுத்த மேனிக்கே போயிருந்தா. தகவல் சொல்லியுட்டாங்க, சடையந்தான் வந்து கொள்ளி வெச்சான்.

அடுத்த செவ்வாக்கெழம சந்தை கூடுச்சு. மூட்டைக வந்து எறங்கிக் கெடக்குது. யாரும் அவுக்கல. யாரு அளக்கறது? பெரியவங்க சடையனக் கூப்புட்டு அனுப்புனாங்க. "உங்கக்கா வள்ளம் உங்கிட்டத்தான இருக்குது. நீ வந்து அளப்பா."

அவன் வந்தான். சாக்கு விரிச்சான். மொத வள்ளத்த மொண்டு தலைதட்டுனான். தூக்கிப் புடிச்சான். ஒண்ணுன்னு சொல்லோணும். சந்தையே பாத்துட்டு நிக்குது. நின்னான், நின்னான்.

"பாவாயி"ன்னான். கொட்டுனான்.

அடுத்ததுக்கு, "ரெண்டு"ன்னான்.

யாரும் ஏன்னு கேக்கலையாமா.

நாங்க அந்தச் சடையன் வகையறாங்க. இப்ப வள்ளம் போயி, தராசும் போயி, எடை மெசினு வந்திருச்சு. இருந்தாலும் புங்கந்துறைச் சந்தையில மொத மூட்டைக்கு நாங்க ஒண்ணுன்னு சொல்றதில்ல. பாவாயி, ரெண்டு, மூணு. அப்பிடித்தான் எண்றது. எண்ற ஆளு அன்னிக்கு யாரு ஊட்டுலயும் கை நனைக்கறதில்ல. புதுசா வர்ற லாரிக்காரங்க, "ஏனுங்க, ஒரு மூட்டைய உட்டுட்டீங்களே"ம்பாங்க.

உடலீங்க. அதையுஞ் சேத்துத்தான் எண்ணிருக்கறம்.