அடுத்த வெள்ளி யார் வீட்டில்?

சாயங்காலம் ஏழு மணிதான். ஆனால் மழைக்காலம்... வாய்க்கால் கரைப் பாதையில் ஏழு மணிக்கே இருட்டு கண்ணைக் கட்டிவிடும். ஒரு பக்கம் தண்ணீர். மறுபக்கம் ஆளுயரப் புல். விளக்குக் கம்பம் ஒன்றுகூடக் கிடையாது. எதிரே ஆள் வந்தால் இருமிக் காட்டினால்தான் உண்டு. அந்தப் பாதையில் ஒரு மனிதர் தன்னந்தனியாக சைக்கிள் மிதித்து வருகிறார்...

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கரண்ட் வரும்போது வரட்டும். இது நான் ஜோடித்துச் சொல்வது அல்ல. என்னோடு பட்டறையில் வேலை பார்த்த ஒரு நண்பன். அவனுடைய தாய்மாமாவுக்கு நடந்தது. அவன் என்னிடம் சொன்னபடியே சொல்கிறேன். சிரிக்க வேண்டியவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள்.

மாமாவுக்கு டிராக்டர் ரிப்பேர் தொழில். அது பகலில். மற்ற நேரமெல்லாம் அந்தச் சின்ன ஊர்ச் சபைக்கு அவர்தான் உபதேசியார். போதகருக்குச் சுற்றுவட்டாரத்தில் பல ஊர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு ஸ்கூட்டரில் வருவார், திருவிருந்து கொடுப்பார், அடுத்த ஊருக்குப் பறந்துவிடுவார். ஞாயிறு காலை மணியடிப்பது, பெஞ்சு துடைப்பது, பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக் கொடுப்பது, வெள்ளிக்கிழமை வீடு வீடாக ஜெபக்கூட்டம் நடத்துவது... எல்லாம் மாமா தலையில். நகக்கண்ணில் கிரீஸ் போகாமலேயே வேதாகமத்தைப் புரட்டுவார்.

ஊரில் அவருக்கு 'நீள ஜெபம்' என்று பெயர். அவர் கண்ணை மூடினால் அடுப்பில் வைத்த தண்ணீர் கொதித்து, வற்றி, பாத்திரமும் தீய்ந்துவிடும் என்பார்கள். "உபதேசியாரே, ஆண்டவருக்கும் வேற வேலை இருக்கும்ல?" என்று மாவு மில்காரர் முகத்துக்கு நேராகவே கேட்பார். மாமா சிரித்துக்கொள்வார். ஆனால் சுருக்க மாட்டார்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், ஒதுக்குப்புறமாக, ஒரு செங்கல் சூளை. அதை ஒட்டி ஒரு வீடு. சூளைக்காரர், அவர் மனைவி, பிள்ளைகள், சூளைக்காரரின் அம்மா. ஞாயிறு தவறாமல் சபைக்கு வருகிற குடும்பம். அந்தச் சூளைக்காரர் மனைவிக்கு ஒரே ஆசை. வெள்ளிக்கிழமை ஜெபம் தன் வீட்டிலும் ஒரு தடவை நடக்க வேண்டும்.

"எங்க வீட்டுலயும் ஒரு தடவை வைங்க, உபதேசியார்."

"வைக்கலாம்மா. பாதை கொஞ்சம் காயட்டும்."

பாதை காய்ந்தால் அறுவடை. அறுவடை முடிந்தால் யார் வீட்டிலாவது கல்யாணம். அப்புறம் மறுபடி மழை. உண்மையைச் சொன்னால், சேற்றில் அவ்வளவு தூரம் நடக்க யாருக்கும் மனசில்லை. அந்தம்மாவும் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஒரு மழைக்காலத்தில் கரை உடைந்தது. வீட்டில் எல்லோரும் தூக்கத்தில் இருந்திருக்கிறார்கள். தண்ணீர் வந்த வேகத்தில் கதவைத் திறக்க முடியவில்லை. ஒருவர்கூட மிஞ்சவில்லை. வரிசையாகப் பெட்டிகளை வைத்து மாமாதான் ஜெபம் செய்தார். தூரத்து உறவுக்காரர் ஒருவர் வந்து, வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனவர்தான். அப்புறம் அந்தப் பக்கம் யாரும் போகவில்லை. சூளையும் அணைந்தது.

சில வருஷம் ஓடிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை. ஜெபம் மில்காரர் வீட்டில். ஜெபம் முடிந்து பாய் சுருட்டுகிற நேரம். வழக்கம்போல மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டிருக்கிறார்.

"அடுத்த வெள்ளி யார் வீட்டுல?"

பின்னாலிருந்து ஒரு பெண் குரல். "எங்க வீட்டுல வைங்க, உபதேசியார்."

"சரிம்மா," என்றுவிட்டார். தையற்காரம்மாவின் குரல் என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் அவளிடம், "வெள்ளிக்கிழமை உங்க வீட்டுல, மறந்துடாதீங்க," என்றபோது அவள் முழித்தாள்.

"நான் எப்பங்க சொன்னேன்? சரி, அதனால என்ன, வந்துடுங்க. டீ மட்டும் கடைசில போடறேன், உங்க ஜெபம் முடியுறதுக்குள்ள ஆறிடும்."

வேறு யார் சொன்னார்கள் என்று மாமா விசாரிக்கவில்லை. யாரோ ஒருத்தர். விஷயம் முடிந்தது.

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வாருங்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு வயலில் டிராக்டர் நின்றுபோய், மாமா கியர் பெட்டியைக் கழற்றிப் பூட்டி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. வீட்டுக்குப் போய்க் குளிக்க நேரமில்லை. நேராகத் தையற்காரம்மா வீட்டுக்குப் போய்விடலாம் என்று, வேதாகமப் பையை ஹேண்டில் பாரில் மாட்டிக்கொண்டு, கரைப் பாதையில் மிதிக்கிறார்.

சூளையை நெருங்கும்போது... பாட்டுச் சத்தம்.

சைக்கிளை நிறுத்தினார். ஆமாம், பாட்டுதான். சபையில் பாடுகிற பாட்டு. அந்த வீட்டின் கதவு திறந்திருக்கிறது. உள்ளே மஞ்சளாக ஒரு வெளிச்சம். மாமாவுக்கு முதலில் பயம் வரவில்லை. ஏன் தெரியுமா? எல்லாம் தெரிந்த குரல்கள். மில்காரரின் கட்டைக் குரல் கேட்கிறது. தையற்காரம்மாவின் கீச்சுக் குரல் கேட்கிறது. அட, கடைசியில் யாருக்கோ மனசு வந்து, செத்துப்போன அந்தக் குடும்பத்துக்காக இங்கேயே ஜெபத்தை வைத்துவிட்டார்கள் போல, நமக்குத்தான் சொல்லவில்லை என்று நினைத்திருக்கிறார். மனசுக்குள் ஒரு கூச்சம். நாம் செய்திருக்க வேண்டியது... என்று.

சைக்கிளைச் சாய்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போனார்.

வாசலில் வேறு செருப்பே இல்லை என்பது அவருக்கு அப்போது உறைக்கவில்லை.

உள்ளே சின்னக் கூடம். நடுவில் தரையில் ஒரு அரிக்கேன். அதைச் சுற்றி நெருக்கமாக ஆட்கள். எல்லோரும் தலையில் துணி போட்டு, குனிந்து... முகம் தெரியவில்லை. நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். மாமா அங்கே போய் உட்கார்ந்தார். பாட்டு நிற்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தார். அவர்கள் அடுத்த வரிக்கே போகவில்லை. முதல் வரி... மறுபடி முதல் வரி... மறுபடியும் முதல் வரி. இரண்டாவது வரி தெரியாதவர்கள் மாதிரி.

மழையில் நனைந்த துணிகளின் ஈர நாற்றம். அதற்கு அடியில் பாசி நாற்றம். குளத்தைத் தூர்வாரும்போது அடியிலிருந்து வருமே, அது.

ஏதோ சரியில்லை. சீக்கிரம் முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று, "ஜெபிப்போம்," என்றார்.

பாட்டு நின்றது. வெட்டினாற்போல.

அத்தனை பேரும் ஒரே நேரத்தில் முழங்காலில் எழுந்தார்கள். நனைந்த துணி தரையில் இழுபடுகிற சத்தம்... ச்சொத்... மாமாவும் முழங்காலில் நின்றார். கண்ணை மூடினார். ஆரம்பித்தார்.

"ஆண்டவரே... இந்த வீட்டுலேர்ந்து நீர் எடுத்துக்கிட்ட பிள்ளைகளை..."

அவ்வளவுதான் சொன்னார். மூடிய இமைக்கு மேல் சிவப்பாகத் தெரிந்த விளக்கு வெளிச்சம்... போய்விட்டது. ஊதிய சத்தம் இல்லை. கரி வாசனை இல்லை. சும்மா, போய்விட்டது.

சொட்... சொட்... என்று தண்ணீர். கூரையிலிருந்து அல்ல. முகத்துக்கு நேரே.

அப்புறம், காதுக்குப் பக்கத்தில், மூச்சே இல்லாத ஒரு குரல்.

"நிறுத்தாதீங்க, உபதேசியார். எவ்வளவு நாளா கேட்டேன்."

மாமாவுக்கு அந்தக் குரல் தெரியும். போன வெள்ளிக்கிழமை மில்காரர் வீட்டில் பின்னாலிருந்து கேட்ட குரலும் இதுதான் என்று அப்போது தெரிந்தது.

எழுந்து ஓடியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நண்பனும் கேட்டான். கால் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை என்றாராம். ஒரு விஷயம் மட்டும் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. ஜெபத்தை முடிக்க வேண்டுமென்றால் 'ஆமென்' சொல்ல வேண்டும். 'ஆமென்' சொன்னால்... கண்ணைத் திறக்க வேண்டும்.

அவர் திறந்தால், அவர்களும் தலையை நிமிர்த்துவார்கள்.

ஆகவே ஜெபித்தார். ஊருக்காக ஜெபித்தார். மழைக்காக, மாடுகளுக்காக, போதகரின் ஸ்கூட்டருக்காக. பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்காக, அன்றைக்குக் கழற்றிப் பூட்டின கியர் பெட்டிக்காக. வாயில் வந்ததையெல்லாம் ஆண்டவரிடம் ஒப்படைத்தார். மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தினால்... ச்சர்ர்... முழங்கால்கள் தரையில் தேய்ந்து நெருங்குகிற சத்தம். உடனே அவசரமாக, "மேலும் ஆண்டவரே!" என்று பிடித்துக்கொள்வார். சத்தம் நிற்கும். எச்சில் விழுங்கினால்... ச்சர்ர். இன்னும் கொஞ்சம் பக்கத்தில். ஒரு கட்டத்தில் அவருடைய சுண்டு விரலை ஒரு சின்னக் கை பிடித்துக்கொண்டது. நனைந்த பஞ்சு மாதிரி இருந்ததாம்.

இந்தப் பக்கம், தையற்காரம்மா வீட்டில் எல்லோரும் காத்திருந்தார்கள். "நீள ஜெபம் இன்னிக்கு வழியிலயே ஆரம்பிச்சுட்டாரு போல," என்று மில்காரர் சொல்ல, ஒரே சிரிப்பு. சிரிக்காதவள் மாமாவின் மனைவி மட்டும். நண்பனுக்கு அத்தை.

"அவரு வெள்ளிக்கிழமைக்குத் தாமதமா வந்ததே இல்ல. வாங்க, ஒரு எட்டுப் பாத்துடலாம்," என்று எழுந்துவிட்டாள்.

டார்ச் எடுத்துக்கொண்டு போனார்கள். கரைப் பாதையில் சைக்கிள் கிடந்தது. சூளை வீட்டு வாசலில் மாமாவின் செருப்பு. கதவு சாத்தியிருந்தது. வெளியே பூட்டு. அந்த உறவுக்காரர் போட்டுவிட்டுப் போன அதே பூட்டு... துரு ஏறி, சிலந்தி கூடு கட்டி.

உள்ளே மாமாவின் குரல். தொண்டை கட்டி, காற்று மட்டும் வருகிறது.

"மேலும் ஆண்டவரே... மேலும்..."

மில்காரர் கல்லை எடுத்துப் பூட்டை உடைத்தார். உள்ளே கும்மிருட்டு. விளக்கு இல்லை, ஆட்கள் இல்லை. வெள்ளம் விட்டுப்போன வண்டல் தரையெல்லாம் காய்ந்து மாவாகக் கிடக்கிறது. நடுவில் முழங்காலில் மாமா. கண்ணை இறுக்கி மூடியிருக்கிறார். அத்தை ஓடிப்போய்த் தோளைத் தொட்டாள். அவ்வளவுதான்... அலறி, இன்னும் வேகமாக ஜெபிக்கிறார். தொட்டது யார் கை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"என்னங்க... நான்தான். கண்ணைத் திறங்க."

திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டுகிறார், மாட்டேன் மாட்டேன் என்று.

அத்தையின் துணிச்சலைச் சொல்ல வேண்டும். அழவில்லை, கத்தவில்லை. முந்தானையைக் கிழித்து அவர் கண்ணைச் சுற்றிக் கட்டினாள்.

"சரி. திறக்க வேண்டாம். நிறுத்தவும் வேண்டாம். ஜெபம் பண்ணிக்கிட்டே எங்கூட வாங்க."

குருடரைக் கூட்டிப் போவது மாதிரி கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். வழி நெடுக மாமா ஜெபித்துக்கொண்டே போனார். வீட்டுக் கட்டிலில் விழுந்து, ஜெபத்துக்கு நடுவிலேயே மயங்கினார். 'ஆமென்' சொல்லவே இல்லை.

மில்காரர் கடைசியாக வெளியே வந்தவர். வரும்போது டார்ச்சைத் தரையில் அடித்துப் பார்த்திருக்கிறார். பார்த்ததை அவர் ரொம்ப நாள் யாரிடமும் சொல்லவில்லை. மாமா முழங்காலிட்ட இடத்தைச் சுற்றி, வண்டலில் ஜோடி ஜோடியாகக் குழிகள். முழங்கால் தடங்கள். பெரியது, சின்னது, ரொம்பச் சின்னது... எல்லாம் ஈரமாக, எல்லாம் மாமாவைப் பார்த்து. ஆனால் தேடி வந்தவர்களுடையதைத் தவிர, வாசலிலிருந்து உள்ளே நடந்து வந்த கால் தடம் ஒன்றுகூட இல்லை. மாமாவுடையதும்.

போதகர் வந்தார். ஊரே திரண்டு போய், பகலில், அந்த வீட்டில் ஒரு முழு ஆராதனை நடத்தினார்கள். தாமதமானாலும் செய்துவிட்டோம் என்று எல்லோருக்கும் ஒரு நிம்மதி. மாமாவும் தேறி, மறுபடி மணியடிக்க, பெஞ்சு துடைக்க ஆரம்பித்தார். ஒன்று மட்டும் மாறிவிட்டது. அதற்குப் பிறகு அவர் ஜெபிக்கும்போது கண்ணை மூடுவதே இல்லை.

நண்பன் விடுமுறைக்கு அங்கே போயிருக்கிறான். ஞாயிறு காலை. பளீரென்று வெயில். அவன் தாமதமாகப் போனதால் கடைசிப் பெஞ்சில், சுவரை ஒட்டி, தனியாக உட்கார்ந்தான். மாமா ஜெபத்தை ஆரம்பித்தார். எல்லோரும் கண்ணை மூடிக் குனிந்தார்கள். இவனுக்கு மட்டும் குறுகுறுப்பு. மாமா நிஜமாகவே கண்ணைத் திறந்து வைத்திருக்கிறாரா பார்ப்போம் என்று லேசாக நிமிர்ந்தான்.

திறந்துதான் வைத்திருந்தார். வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் ஜெபித்துக்கொண்டே இருக்க, அவர் பார்வை மெதுவாக நகர்ந்தது... வாசலிலிருந்து பக்கச் சுவருக்கு... சுவரோரமாகவே... யாரோ நடந்து வருவதைப் பார்ப்பது போல. நகர்ந்து, நகர்ந்து, நண்பனின் தலைக்கு மேலே வந்து நின்றது.

மாமாவின் முகம் வெளுத்தது. ஆனால் ராகம் மாறவில்லை, குரல் மாறவில்லை. ஜெபத்தோடு ஜெபமாகவே சொன்னார்.

"ஆண்டவரே, எங்களை இரட்சியும்... மாப்ள, திரும்பிப் பாக்காம எழுந்து முன்னால வா... ஆண்டவரே, எங்களைக் காத்துக்கொள்ளும்..."

கண்ணை மூடியிருந்தவர்கள் அதையும் ஜெபம் என்று நினைத்து, "ஸ்தோத்திரம்," என்றார்கள்.

நண்பன் எழுந்தான். பெஞ்சுகளுக்கு நடுவே, மாமாவின் முகத்தையே பார்த்தபடி நடந்தான். அவன் வர வர, மாமாவின் பார்வையும் சேர்ந்து முன்னால் வந்தது.

அவன் மேல் அல்ல... அவனுக்கு ஒரு அடி பின்னால்.