மிலிட்டரி ஓட்டலில் மலை

“அந்த மலையைத் திருப்பி எடுத்துக்கங்க” என்ற குரல் கேட்டுத்தான் விழித்தேன். கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் முன்சீட்டில் ஒரு மிலிட்டரி ஓட்டல்காரர். பக்கத்தில், அவருக்குத் திருவண்ணாமலை மலைப்படம் விற்ற போட்டோக்காரர்.

“பெரிய சைஸுன்னு ரேட்டு ஜாஸ்தி சொன்னீங்க. குடுத்து வாங்கிக் கல்லா மேல மாட்டினேன். இப்ப வர்றவங்க எல்லாம் கன்னத்துல போட்டுக்கிட்டு, பிரியாணி வேணாம், டீ போதும்ங்கறாங்க.”

“வாசல்ல நிஜ மலையே தெரியுதேங்க.”

“அதுக்கு முதுகு காட்டி உக்காந்துக்குவாங்க.”

“அப்ப கழட்டிடுங்க.”

“எனக்குக் கை வரலைங்க. நீங்களே வந்து எறக்கிடுங்க.”

போட்டோக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

“எங்க வீட்லயும் அதே படம்தான் மாட்டியிருக்கு. கழட்ட முடியல. நான் கறி தின்னு வருஷமாச்சுங்க.”