எல்லாக் கையும் மேலே

ஹலோ... ஹலோ, கியாஸ்? ம்... கேக்குது, கேக்குது. கத்தாதேடா, நல்லாவே கேக்குது... ஏன் குசுகுசுன்னு பேசறேனா? பழக்கம்தான். அம்பது வயசு வரைக்கும் எவனோ ஒட்டுக் கேக்கறான்னே போன் பேசியாச்சு. இப்ப சட்டுன்னு எப்படித் தொண்டை திறக்கும்?

சரி, எங்க இருக்கே?... எந்த ஆபீஸ்?... ஐயோ, இன்னிக்கேவா? ஊருக்குத் திரும்பற பேப்பர் கையிலேயே இருக்கா? டேய், போடாதே. கையெழுத்து போடாதே... ஆமா, ஆமா, உன் அக்காதான் சொல்றேன். அதுல போட்டுட்டா மறுபடி ஜெர்மனிக்குள்ள விடமாட்டான்னு நீதானே சொன்னே? பன்னண்டு வருஷம் அந்தப் பனியில நாயாப் பாடுபட்டு உக்காந்த இடம்டா அது.

...தெரியும்ப்பா. தெரியும். அந்தப் பழைய அதிபர் விமானம் ஏறி ஓடின அன்னிக்கு நான்தான் உனக்குப் போன் பண்ணி அழுதேன். "புது சிரியா பொறந்துடுச்சு, நம்ம ஊரு ஹோம்ஸுக்கு வந்துடுடா"ன்னு நான்தான் சொன்னேன். இல்லேங்கல. முட்டி வலியோட தெருவுல ஆடினேன். மிட்டாய்க் கடைக்காரர் தட்டைத் தூக்கிட்டு வந்து எல்லார் வாயிலயும் திணிச்சாரு...

இப்ப என்னவா? கரண்டு ரெண்டு மணி நேரம்தான் வருது... சரி, அதை விடு. ரொட்டிக்கு வரிசை... அதையும் விடு... ஆமாடா, மழுப்பறேன்தான். இரு, கதவைச் சாத்திட்டு வரேன்.

...ம். சொல்றேன், திட்டக்கூடாது. நம்ம கட்டடத்துக்குப் போன வாரம் கமிட்டி போட்டாங்க... கமிட்டிடா! தண்ணி மோட்டார், மாடிப்படி விளக்கு, எந்த வீட்டுக்கு யார் குடி வரலாம், எல்லாம் அதுதான் பார்க்குமாம். புது ஆட்சி ஆபீசர் ஒருத்தர் வந்து, "இனிமே தலைவரை நீங்களே ஓட்டுப் போட்டு எடுங்க"ன்னாரு. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு... கேளு. ஒரு பேரைச் சொல்லி, "ஆதரிக்கறவங்க கை தூக்குங்க"ன்னாரு. எல்லாரும் தூக்கினோம். "எதிர்க்கறவங்க?"ன்னாரு. அதுக்கும் எல்லாரும் தூக்கிட்டோம்!... சிரி, சிரி. என்ன பண்றது? கை தூக்குன்னா தூக்கித்தானே பழக்கம்? கேள்வி என்னன்னு யாரு கேட்டா?

...யார் பேரா? அது... அபூ ராத்திப்.

...ஆமா. கீழ் வீட்டு அபூ ராத்திப்பேதான். உன்னை உளவுப் போலீஸ்கிட்டப் போட்டுக் கொடுத்தானே, அவனேதான். அவன் எழுதின ரிப்போர்ட்டாலதானே நீ கட்டின துணியோட எல்லை தாண்டினே? இப்ப தாடி விட்டிருக்கான். பழைய ஆளு படம் மாட்டியிருந்த ஆணியில புதுக்கொடி தொங்குது.

...கேக்காதே. அதை மட்டும் கேக்காதேடா... தூக்கினேன். நானும்தான் தூக்கினேன். அவன் என்னையே பார்த்துட்டிருந்தான், கை தானா மேல போயிடுச்சு... கியாஸ்? ரெண்டு வார்த்தை திட்டவாவது செய்... வெக்கமா இருக்குடா எனக்கு.

இப்பப் புரியுதா ஏன் வேணாங்கறேன்னு? ஓடினது ஒரே ஒருத்தன். மிச்சம் எல்லாரும் இங்கயேதான் இருக்கோம்.

...ஒருத்தர்கூட இல்லியான்னா... இருக்கா. மூணாம் மாடி சாமியா, மருந்துக்கடை வச்சிருக்காளே, அவ ஒருத்திதான் கையைக் கட்டிட்டு நின்னா. ரெண்டு கேள்விக்கும் தூக்கினா அதுக்குப் பேர் ஓட்டான்னு ஆபீசர்கிட்ட சண்டை பிடிச்சு, சீட்டு எழுதித்தான் போடணும்னுட்டா. அவனை எதிர்த்து அவளே நிக்கறா... இன்னிக்குத்தான். இதோ, அந்த ஆபீசர் அவ வீட்டுச் சோத்துப் பானையையே ஓட்டுப் பெட்டியாத் தூக்கிட்டு மாடி மாடியா ஏறிட்டிருக்காரு. என் சீட்டு மேசைமேல வெறுமையாக் கெடக்கு.

...எழுது எழுதுன்னா எப்படிடா எழுதறது? என் எழுத்து அவனுக்குத் தெரியும். அவன் பிள்ளைங்க மூணு பேருக்கும் நான்தானே டீச்சர்! அவன் வீட்டு நோட்டெல்லாம் என் சிவப்பு மைதான். அதான் இடது கையால எழுதிப் பார்த்தேன். கோழி கிளறின மாதிரி வருது... சிரிக்காதே. அழுகையா வருது எனக்கு.

...என்ன? என்ன சொன்னே?... நான் யாரை எழுதறேன்னு கேட்டுட்டுத்தான் நீ கையெழுத்து போடலாமா வேணாமான்னு முடிவு பண்ணுவியா? அடப்பாவி! உன் பொழைப்பை என் தலையில கட்டறியே!... அந்த ஆபீஸ் அம்மா பேனாவோட காத்திருந்தா இருக்கட்டும். கொஞ்சம் யோசிடா... வேணாம்டா...

வந்துட்டாங்க. கதவைத் தட்டறாங்க. வைக்காதே, லைன்லயே இரு... வரேங்க, ஒரே நிமிஷம்!... எழுதறேன்டா. இரு... இடது கையெல்லாம் ஒத்து வராது. வலது கையாலேயே எழுதறேன்... எழுதிட்டேன். மடிச்சாச்சு... இந்தாங்க... போட்டாச்சுடா.

...யாருக்கா? போன்ல வேணாம். கதவு திறந்திருக்கு, அவன் படியிலேயே நிக்கறான்... முடியாதுடா, அப்புறமா மெசேஜ்ல... இல்ல, அதுவும் வேணாம்... சரி. சரி, சொல்றேன். நல்லாக் கேட்டுக்கோ.

சாமியா! சாமியாவுக்குப் போட்டேன்!

...யா அல்லாஹ், கட்டடத்துக்கே கேட்டுடுச்சு. அவன் முகத்தைப் பார்க்கணுமே நீ... கியாஸ்? கேட்டுச்சா உனக்கு?... ஹலோ? டேய், லைன்ல இருக்கியா?... நீ என்ன பண்ணினே? போட்டியா, போடலியா?... ஹலோ?...