‘பொழுதோட வா’ என்று வேலாத்தாள் சொன்னது குறித்து

என் பெயர் ராமுத்தாய், வயது முப்பத்தொன்பது, கணவர் பெயர் சோணைமுத்து. சொந்த ஊர் ராமநாதபுரம் மாவட்டம் கமுதிப் பக்கம். தற்போது அவிநாசிக்குத் தெற்கே வேலங்காட்டுப்புதூர் ஊராட்சியில், மாரியம்மன் கோயிலுக்குப் பின்புறம் உள்ள லைன் வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கிறேன். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். கணவர் சாயப்பட்டறையில் வேலை பார்க்கிறார். எனக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியும்.

வாக்குமூலம் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எனக்கு இல்லை என்று நீதித்துறை நடுவர் அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். மிரட்டியோ, ஆசை காட்டியோ, சொல்லிக்கொடுத்தோ யாராவது அனுப்பினார்களா என்றும் கேட்டார்கள். இல்லை. மிரட்டினார்கள், ஆசையும் காட்டினார்கள், ஆனால் அது நான் இங்கே வரக் கூடாது என்பதற்காக. சொல்லிக்கொடுத்துக் கேட்கிற ஆளும் நான் இல்லை. அறைக்குள் போலீசார் யாரும் இல்லை. கதவுக்கு வெளியே ஒருவரின் பூட்ஸ் தெரிந்தது, அவரை அப்பால் போகச் சொன்ன பிறகே பேசத் தொடங்கினேன்.

நாங்கள் திருப்பூருக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. முதலில் மண்ணரையில் இருந்தோம், அங்கே சுற்றிலும் எங்கள் மாவட்டத்து ஆட்கள். அதன் பிறகு வாடகை கட்டுப்படியாகாமல் இந்த ஊருக்கு வந்தோம். எங்கள் வார்டில் உறுப்பினர் பதவிக்கு நான் கேள்விப்பட்டவரை ஓட்டே நடந்ததில்லை. கோயில் மண்டபத்தில் கூடி ஒரு பெயரைச் சொல்வார்கள், அந்தப் பெயர் மட்டும் மிஞ்சும், பிறகு வெடி வெடிப்பார்கள். லைன் வீட்டுக்காரர்களிடம் ஓட்டர் அட்டை இருந்தும் அந்தக் கூட்டத்துக்கு எங்களைக் கூப்பிடுவதில்லை. ‘வந்தவங்க’ என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவார்கள்.

கம்பெனி வேன் எங்களை இறக்கிவிடும் முக்கில் அப்போது தெருவிளக்கு இல்லை. பெண்பிள்ளைகள் செல்போன் வெளிச்சத்தில் நடந்தோம். மனுக் கொடுத்தோம், கம்பமும் வந்தது, அதைக் கொண்டுபோய்க் கதிர்வேல் என்பவரின் நூல் குடோன் வாசலில் நட்டார்கள். கதிர்வேல் ஊரில் செல்வாக்கானவர். கேட்டதற்கு, அடுத்த கம்பம் வரட்டும் பார்க்கலாம் என்று சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றே முடிவு செய்தேன். தேர்தல் அறிவித்ததும் வேட்புமனு தாக்கல் செய்தேன். எதிரில் கதிர்வேலின் மனைவி தேவிப்பிரியா மட்டும் நின்றார். வேறு யாரும் இல்லை.

எனக்கு முன்மொழிந்து கையெழுத்துப் போட்டவர் வேலாத்தாள். செக்கிங் டேபிளில் எனக்கு எதிரே நிற்பவர், என்னைவிட மூத்தவர், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். ஊர்க்காரர்கள் ஒருவரும் வராதபோது அவர் மட்டும் தானாக வந்தது எனக்கு அப்போதே உறுத்தியது. காய் வாங்கினால்கூட நான் தராசு முள்ளைப் பார்ப்பவள். ஏன் எனக்காகக் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்று நேரிலேயே கேட்டேன். “அந்த முக்குல நானுந்தானே கண்ணு எறங்கறேன்” என்றார். நான் பாதிதான் நம்பினேன்.

மனுவை வாபஸ் வாங்கக் கடைசி நாள் அன்று பிற்பகல் மூன்று மணிவரை நேரம் இருந்தது. அதைத் தாண்டிவிட்டால் ஓட்டு நடந்தே தீரும் என்று எல்லாருக்கும் தெரியும். அன்று வேலாத்தாள் வேலைக்கு வரவில்லை, அதுவே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. சாப்பாட்டு இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அவரிடமிருந்து போன் வந்தது. நான் பாத்ரூமுக்குள் போய் எடுத்தேன். குரலைத் தாழ்த்தி, “ராமுத்தா கண்ணு, பொழுதோட ஊட்டுக்கு வா. ஒத்தையா வா. ஆருகிட்டயும் சொல்லாத” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். திருப்பிக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

எங்கள் ஊரில் பொழுதோட வா என்றால் பொழுது இருக்கும்போதே வெரசாக வந்துவிடு, தாமதம் பண்ணாதே என்று அர்த்தம். என் அம்மா என்னைப் பள்ளிக்கு அனுப்பும்போது அப்படித்தான் சொல்வார். எனவே என்னவோ அவசரம் என்று நினைத்து, வயிற்றுவலி என்று சூப்பர்வைசரிடம் பொய் சொல்லிவிட்டு, ஷேர் ஆட்டோவில் ஏறி வேலாத்தாள் வீட்டுக்குப் போனேன்.

வாசலில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. திரும்பிவிடலாமா என்று நினைப்பதற்குள் கதிர்வேல் வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். அவருடன் எனக்குத் தெரியாத ஆட்கள் சிலரும் இருந்தார்கள். உள்ளே இருந்து வந்த வேலாத்தாள் வாயில் கையை வைத்துக்கொண்டு, “ஏங் கண்ணு இப்ப வந்த?” என்றார். ஆளைக் காட்டிக்கொடுத்துவிட்டு நடிக்கிறாளே என்று எனக்கு வயிறு எரிந்தது. அதன் பிறகு கதிர்வேல் என்னைப் பார்த்துக் கும்பிட்டு, “வாங்க அம்மிணி. உங்க ஊட்டுக்காரரு சாயப்பட்டறையிலதான இருக்காருங்க? அங்க கொதிக்கற தண்ணியும் ஆசிடும் கெடக்குமுங்க. பாத்துப் பதனமா இருக்கச் சொல்லுங்க” என்றார். ஒரு கெட்ட வார்த்தை இல்லை, கையை ஓங்கவில்லை, எல்லாவற்றுக்கும் ‘ங்க’ போட்டுத்தான் பேசினார். அவர்கள் சொன்னபடி காரில் ஏறினேன். வேலாத்தாள் காரின் கதவைப் பிடித்தார், ஒருவன் அவர் கையை எடுத்துவிட்டான்.

அதன் பிறகு ஊராட்சி அலுவலகத்தில் வாபஸ் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். பேனா கதிர்வேலுடையது. தேர்தல் அலுவலர், சொந்த விருப்பத்தில் வாங்குகிறீர்களா என்று கேட்டார். என் நாற்காலிக்குப் பின்னால் கதிர்வேல் நிற்பது அவருக்குத் தெரிந்தது, தெரிந்தும் என் முகத்தைத்தான் பார்த்துக் கேட்டார். ஆமாம் என்றேன். நான் வெளியே வந்தபோது எதிர்ப்புறம் தேவிப்பிரியாவின் படம் போட்டு ‘போட்டியின்றித் தேர்வு’ என்று பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கையெழுத்துப் போட்ட மை காயவில்லை, அதற்குள் அந்தப் பேனரை எங்கே, எப்போது அடித்தார்கள் என்று இன்றுவரை யாரும் விசாரிக்கவில்லை.

அன்று மாலை நானும் கணவரும் காவல் நிலையம் போனோம். டீ வாங்கிக் கொடுத்தார்கள். ஸ்டேஷனில் டீ கொடுத்தால் நமக்கு வேலை நடக்கப்போகிறது என்று நினைத்தேன், யாருக்கு நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. ஏட்டு சிவராஜ் என்பவர் புகாரை எழுதினார். பேச்சிலேயே அவர் இந்தப் பக்கத்துக்காரர் என்று தெரிந்தது. யார் காரில் ஏற்றினார்கள் என்று அவர் முதலில் கேட்கவில்லை. யார் கூப்பிட்டு அங்கே போனீர்கள் என்றுதான் கேட்டார். வேலாத்தாள் சொன்ன வார்த்தைகளை நான் அப்படியே சொன்னேன். ‘பொழுதோட’ என்றதும் அவர் பேனா நின்றது. பக்கத்தில் இருந்த போலீஸ்காரரை ஒருமுறை பார்த்தார். அதன் பிறகு, “பொழுதோடன்னா என்னன்னு நீங்க நெனச்சீங்க?” என்று கேட்டார். “வெரசா வான்னுதான், வேறென்ன?” என்றேன். “அப்ப அப்படியே எழுதிப்போடறனுங்க” என்றார். உதட்டோரம் ஒரு சிரிப்பு இருந்தது. என் தமிழைக் கேட்டுச் சிரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வழக்கில் வேலாத்தாளைத்தான் முதல் எதிரியாக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவராகச் சேர்த்திருக்கிறார்கள். என்னை வஞ்சகமாக ‘சீக்கிரம் வா’ என்று அழைத்துக் கடத்தலுக்கு உடந்தையாக இருந்தார் என்று எழுதியிருக்கிறது. கதிர்வேலின் பெயரை நான் பலமுறை சொல்லியும் ‘அடையாளம் தெரியாத நபர்கள்’ என்றுதான் இருக்கிறது. ஊருக்கெல்லாம் பேனர் வைத்திருப்பவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஆனாலும் வேலாத்தாளைப் போலீசார் கூட்டிக்கொண்டு போனபோது எனக்கு மனம் ஆறியது. நன்றாக வேண்டும் என்று என் கணவரிடம் சொன்னேன்.

அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையில் பாக்கெட் பால் தீர்ந்துவிட்டதால், நாச்சிமுத்து என்பவரின் தோட்டத்துக்குப் பால் வாங்கப் போனேன். “காத்தால கறந்த பால் சொசைட்டிக்குப் போயிருச்சுங்க. பொழுதோட வாங்க, தாரேன்” என்றார். தாமதித்தால் தீர்ந்துவிடும் என்று, சோறு வடித்த கையோடு தூக்குவாளியை எடுத்துக்கொண்டு திரும்ப ஓடினேன். அவர் கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து, “ஏனுங்க, இந்த வெயில்ல வந்து நிக்கறீங்க? பொழுதோடன்னு சொன்னனுங்களே” என்றார். “அதான் பொழுதோட வந்துட்டேனே” என்றேன். அவர் சிரித்துவிட்டு, “பொழுதோடன்னா பொழுது எறங்கயிலைங்க. இப்பப் போய் மடியத் தொட்டா மாடு ஒதைக்குமுங்க” என்றார். மறுபடி கேட்டேன். சாயங்காலம் என்று அடித்துச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாளியை அங்கேயே போட்டுவிட்டு வேலாத்தாள் வீட்டுக்கு ஓடினேன்.

இத்தனை வருடமாக உனக்கு இது தெரியாதா என்று நடுவர் அவர்கள் கேட்டார்கள். தெரியாது. கம்பெனியில் மார்னிங், லஞ்ச், ஈவினிங் என்றுதான் பேச்சு. வேலாத்தாளும் என்னிடம் ஈவினிங் என்றுதான் சொல்வார். அன்று பயத்தில் அவருக்கு வீட்டில் பேசுகிற பேச்சு வந்துவிட்டது.

வேலாத்தாளின் கணவர் வெள்ளையன் என்னை வாசலிலேயே நிறுத்தினார். “நீங்க இங்க வரக்கூடாதுங்க. வந்தா அதுக்கும் ஒரு கதை கட்டுவாங்க” என்றார். நான் போகாமல் நின்றேன். அதன் பிறகு அவர் நடந்ததைச் சொன்னார். அன்று காலையிலிருந்தே கதிர்வேலும் ஆட்களும் அவர் வீட்டில் உட்கார்ந்து, ராமுத்தாயைக் கூப்பிடு என்று வேலாத்தாளை நெருக்கியிருக்கிறார்கள். வேலாத்தாளோ, ராமுத்தாய் சொந்த ஊருக்குப் போய்விட்டாள் என்று சாதித்திருக்கிறார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போவதாகச் சொல்லிக் கொல்லைப்புறம் போய் எனக்குப் போன் செய்திருக்கிறார். சாயங்காலம் வரை நான் கம்பெனிக்குள் இருந்துவிட்டால் மூன்று மணி கழிந்துவிடும், இரவு அவர் வீட்டில் என்னைப் படுக்க வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார். “நெசமாலுமே ஊருக்குப் போயிட்டா போலன்னு அவுங்க கெளம்பறாங்க, நீங்க வந்து நிக்கறீங்க” என்றார் வெள்ளையன். கதிர்வேல் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என்னைப் பிடிக்கக் காத்திருப்பவன் எதற்குச் செருப்பை மாட்டுகிறான். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இதையெல்லாம் வெள்ளையன் போலீசிலும் சொல்லியிருக்கிறார், புருஷன் சாட்சி செல்லாது என்று அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காவல் நிலையம் போய் ஏட்டு சிவராஜிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. “பொழுதோடன்னா என்னன்னு எனக்குத் தெரியாதுங்களா அம்மிணி? நீங்க சொன்ன அர்த்தத்தத்தான எழுதுனேன்” என்றார். அதன் பிறகு, இப்போது மாற்றிச் சொன்னால் பொய்ப் புகார் கொடுத்ததாக என் மேலேயே வழக்கு வரும் என்றும், கணவரையும் அலைய விடுவார்கள் என்றும் சொன்னார். அதையும் மரியாதையாகத்தான் சொன்னார்.

அதன் பிறகு சட்ட உதவி வக்கீல் ரோஸ்மேரி மூலம் இந்த நீதிமன்றத்தில் மனுக் கொடுத்தேன். மனுப் போட்ட செய்தி எனக்கு முன்னால் ஊருக்குப் போய்விட்டது, யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. வீட்டு ஓனர் காலி பண்ணச் சொன்னார். கம்பெனியில் என் ஆதாரை மறுபடி கேட்டார்கள். நாங்கள் அத்தனை நாள் கேட்ட முக்கில் திடீரென்று விளக்குக் கம்பம் நட்டார்கள். தேவிப்பிரியா லைன் வீட்டுக்கே வந்து, “நீங்க கேட்ட லைட்டு எரியுதுங்களே, இன்னும் எதுக்குங்க கோர்ட்டு?” என்று கேட்டார். நான் விளக்குக் கேட்டது உண்மைதான். ஓட்டு நடக்க வேண்டும் என்றும் கேட்டேன், அது நடக்கவில்லை. அந்த விளக்கு பகலிலும் எரிகிறது. வேனில் இருந்து இறங்கும்போது அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை, வேலாத்தாள் இல்லாமல் அதன் கீழே நடக்கிறேன்.

வேலாத்தாள் இன்னும் சிறையில் இருக்கிறார். என் புகாரைக் காட்டியே அவருக்கு ஒருமுறை ஜாமீன் மறுக்கப்பட்டது. அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, காப்பாற்றப் பார்த்தார். என்னை மிரட்டிக் காரில் ஏற்றியவர் கதிர்வேல். அவர் பெயரைத் தெரிந்தே விட்டுவிட்டு, அர்த்தம் தெரிந்தே ‘சீக்கிரம்’ என்று எழுதியவர் ஏட்டு சிவராஜ். எனக்குச் சந்தேகப்படத் தெரியும், ஆனால் டீ கொடுத்த கையைச் சந்தேகப்படவில்லை.

இதை எழுதும்போது, ‘பொழுதோட’ என்பதை மாலையில் என்று போட்டுவிடலாமா என்று தட்டச்சு செய்பவர் கேட்டார். வேண்டாம் என்றேன். ஒருவர் தன் இஷ்டத்துக்கு மாற்றி எழுதியதால்தான் ஒருத்தி உள்ளே கிடக்கிறாள். வேலாத்தாள் வாயால் சொன்ன சொல் எதுவோ அதுவே இருக்கட்டும். அர்த்தம் வேண்டுமென்றால் இந்த ஊரில் மாடு வைத்திருக்கும் யாரையும் கேட்டுக்கொள்ளலாம், ஏட்டு சிவராஜையும் கேட்கலாம்.

எழுதியதை வரிவரியாக எனக்குப் படித்துக் காட்டினார்கள். நானும் கையில் வாங்கிப் படித்தேன். நான் சொன்னதுதான் இருக்கிறது, சொல்லாதது எதுவும் இல்லை, எல்லாம் உண்மை. ‘பொழுதோட’ என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் அப்படியே இருப்பதைப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுகிறேன். வேலாத்தாள் வெளியே வருகிற அன்று அவர் கூப்பிடாவிட்டாலும் நான் அவர் வீட்டுக்குப் போவேன். பொழுது இறங்கும்வரை காத்திருந்து போவேன்.

(ஒப்பம்)
சோ. ராமுத்தாய்