லேப்டாப்பில் சந்தனப் பொட்டு

“பொட்டத் தொடச்சிடட்டுமாங்க?”

திருமழிசைப் பேருந்தில் எனக்கு முன் இருக்கைப் பெண் கணவனிடம் கேட்டாள். மடியிலிருந்த லேப்டாப்பின் மூடியில் ஆயுத பூஜைச் சந்தனம்.

“ஏன் கலா?”

“இன்னிக்கு ஆபீஸ்ல திருப்பிக் குடுக்கணுமே. எங்க வேலையத்தான் வேற நாட்டுக்கு மாத்திட்டாங்களே.”

“இருக்கட்டும். எங்க பட்டறை லேத்துக்கு வெச்ச அதே சந்தனம்.”

“லேத்து மெஷினு. நான் சும்மா டைப்படிக்கிறவ.”

“நீ புரோகிராம் எழுதனா அங்க ஒண்ணு ஓடுதுல்ல? அப்புறம் இன்னா, நீயும் இன்ஜினியர்தான்.”

அவள் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“சரி, இருக்கட்டும். அடுத்து இதத் தொடறவங்களுக்காவது வேலை நிலைக்கட்டும்.”

தனக்கென்று அவள் கேட்க மறந்ததை, வழியில் அம்மன் கோயில் வந்ததும் நான் கன்னத்தில் போட்டுக்கொண்டு கேட்டேன்.